எம்எட்: ஆய்வேடா, பாடங்கள் மட்டுமா? வேலையில் இருக்கும் தமிழாசிரியர்களுக்கான இழை

#1 கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர், பிஜிடிஇ (பட்டப்பின் கல்வி டிப்ளோமா) முடித்தாயிற்று. தேசியக் கல்விக் கழகத்தில் பகுதிநேர எம்எட் (கல்வியியல் முதுகலை) விண்ணப்பம் போடலாமா என்று பார்க்கிறேன். பள்ளி வேலையை விடுவதாக இல்லை.

கேள்வி மூன்று. ஆய்வேடு எழுதும் வழி, பாடங்களோடு முடிக்கும் வழி, இரண்டில் தமிழாசிரியருக்கு எது சரிவரும்? ஒரு பருவத்தில் எத்தனை பாடம் தாங்கும்? முடித்தபின் சம்பளத்திலும் பதவியிலும் என்ன மாறும்? கணக்கோடு சொன்னால் நல்லது.

#2 ஈசூன்வாசி

கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது. எம்எட் சான்றிதழைக் கொடுத்த மறுமாதம் சம்பளம் ஏறாது. கல்வி அமைச்சில் பதவி உயர்வு ஆண்டு மதிப்பீட்டையும் அடுத்த பொறுப்பை ஏற்கும் தகுதியையும் பொறுத்தது. கற்பித்தல் தடத்தில் சீனியர் டீச்சர், லீட் டீச்சர், மாஸ்டர் டீச்சர் என்று போகும்போது உங்கள் வகுப்பறையையும் சக ஆசிரியர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்ததையும்தான் முதலில் பார்ப்பார்கள். மேற்படிப்பு அதற்குத் துணை நிற்கும், அவ்வளவுதான். சீனியர் ஸ்பெஷலிஸ்ட் தடத்தில் மட்டும் கதை வேறு. பாடத்திட்டம், மதிப்பீடு, ஆய்வு என்று அமைச்சின் தலைமையகத்தில் வேலை செய்ய நினைத்தால் முதுகலையும் அதற்கு மேலும் உண்மையாகவே எடைபோடப்படும்.

சம்பளத்தை மட்டும் மனத்தில் வைத்து இரண்டு மூன்று வருட மாலைப் பொழுதுகளைக் கொடுக்காதீர்கள். வகுப்பில் விடை கிடைக்காத ஒரு கேள்வி உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறது என்றால் போங்கள்.

#3 நிழல்மரம்

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம். கட்டணப் பட்டியலில் போட்டிருக்கும் தொகை 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று பாருங்கள். மொத்தத்தில் அது சில நூறு வெள்ளிக்கு மேல் வித்தியாசம். அடுத்தது, பாடக் கட்டணத்துக்கு 5,500 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2026 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்தக் கழிவு இல்லை. அதை நம்பிச் செலவுக் கணக்கு போடாதீர்கள்.

அமைச்சின் உதவியோடு படிக்கப் போகிறவர்கள் கையெழுத்திடும் முன் பிணைப்பு எத்தனை ஆண்டு, நடுவில் நின்றால் என்ன திருப்பிக் கட்டவேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் மேம்பாட்டு விடுப்பு கேட்பதென்றால் பள்ளி முதல்வரிடம் முந்தின ஆண்டே பேசுங்கள். அடுத்த ஆண்டு கால அட்டவணை போட்டு முடித்தபின் போய்க் கேட்டால், மனமிருந்தாலும் அவரால் ஆளை விட முடியாது.

#4 புக்கிட்பாஞ்சாங்_தமிழ்

எத்தனை பாடம் தாங்கும் என்பதற்கு என் கணக்கு.

ஒரு பருவத்தில் 13 கற்பித்தல் வாரம், நடுவில் ஒரு வார இடைவேளை. மூன்று அலகுப் பாடம் என்றால் வாரம் 3 மணி நேரம், மொத்தம் 39 மணி. வகுப்பு மாலையில். வாரத்துக்கு இரண்டு கட்டுரை ஆழ்ந்து படிக்க 5 மணியாவது ஆகும். ஒப்படைப்பு எழுதும் வாரங்களில் அது இரட்டிப்பாகும். ஆக ஒரு பாடம் என்பது வாரம் 8 முதல் 13 மணி. இரண்டு பாடம் எடுத்தால் சனி ஞாயிறும் போய்விடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, ஆகஸ்ட் பருவமும் ஜனவரிப் பருவமும் ஒரே எடை இல்லை. தொடக்கப்பள்ளியில் ஆகஸ்டில் பிஎஸ்எல்இ (ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு, அக்டோபர் நடுவில் விடைத்தாள் திருத்தும் பணி, அதை ஒட்டியே மற்ற வகுப்புகளின் ஆண்டிறுதித் தேர்வு. எம்எட் பாடத்தின் பெரிய ஒப்படைப்புகளும் அக்டோபர், நவம்பரில்தான் வந்து விழும். ஜனவரிப் பருவத்தில் பள்ளிப் பக்கம் அத்தனை நெருக்கடி இல்லை. அரையாண்டுத் தேர்வும் 2023க்குள் எல்லா நிலையிலும் எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் ஜனவரியில் இரண்டு, ஆகஸ்டில் ஒன்று. ஆறாம் வகுப்பு எடுப்பவர்கள் இதை மாற்றவே வேண்டாம்.

தொலைவையும் கணக்கில் சேருங்கள். கழகம் இருப்பது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், ஜூரோங் மேற்கின் கோடியில். பூன் லே நிலையத்தில் இறங்கி 179 அல்லது 199 எடுக்கவேண்டும். பாசிர் ரிஸ், தெம்பனிஸ் பக்கத்துப் பள்ளியிலிருந்து வாசலுக்கு வாசல் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 5 மணிக்கு இணைப்பாட நடவடிக்கை முடியும் நாளில் மாலை வகுப்புக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது. பாடம் பதிவு செய்யும் முன்பே அந்தக் கிழமையில் இணைப்பாடப் பொறுப்பு வராதபடி துறைத்தலைவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

#5 மேசைவிளக்கு

முதல் கேள்விக்கு நான் பாடங்கள் மட்டும் என்ற வழியைச் சொல்வேன். ஆய்வேட்டுக்கு வகுப்பறைத் தரவு வேண்டும். தரவு வேண்டுமென்றால் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், அமைச்சின் அனுமதி, முதல்வர் சம்மதம், பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் ஒப்புதல் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கவேண்டும். இதற்கே மாதக்கணக்கில் போகும். நவம்பர் நடுவுக்குமேல் பள்ளி மூடிவிடும். இடையில் உங்களுக்கு வகுப்பு மாறிவிட்டால் திட்டமும் போயிற்று. எட்டு, ஒன்பது பாடங்களை நன்றாகப் படித்து, கடைசியில் சிறிய ஆய்வுத் திட்டம் ஒன்று செய்தால் வகுப்புக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

#6 தோபாயோ_ஆசிரியை

மேசைவிளக்கு ஐயா சொன்ன வாசல்கள் அத்தனையும் உண்மை. ஆனால் அங்கே தடுக்கி விழுபவர்களைவிட, ஆய்வுக் கேள்வியைத் தவறாகப் போட்டு விழுபவர்களே அதிகம். தமிழாசிரியர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

வழக்கமாக வரும் முன்மொழிவு இப்படி இருக்கும்: “புதிய கற்பித்தல் முறையை ஒரு வகுப்புக்குக் கொடுப்பேன், இன்னொரு வகுப்புக்குப் பழைய முறை, முன்தேர்வு பின்தேர்வு வைத்து ஒப்பிடுவேன்.” ஆங்கில வகுப்பில் 40 பேர் இருக்கலாம். தமிழ் வகுப்பில் 12, 15 பேர். நடுத்தர அளவிலான விளைவை, அதாவது அரை திட்ட விலக்கு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில் பாதி) வித்தியாசத்தை, 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவிலும் 64 பேர் வேண்டும். 0.8 திட்ட விலக்கு என்ற பெரிய விளைவுக்கே குழுவுக்கு 26 பேர். 15க்கு 15 என்று ஒப்பிட்டால், முறை நன்றாக வேலை செய்திருந்தாலும் “வேறுபாடு இல்லை” என்றே கணக்கு சொல்லும் வாய்ப்பு அதிகம். பிறகு முடிவுகளை விளக்கும் ஐந்தாம் அத்தியாயம் முழுக்கச் சமாதானம் எழுத வேண்டியதாகிவிடும்.

இன்னொரு குழி இருக்கிறது. முன்தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்தால், பயிற்சியே இல்லாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் ஏறுவார்கள். அந்த ஏற்றத்தை முறையின் வெற்றி என்று எழுதியிருந்தால் தேர்வாளர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

அப்படியானால் சிறிய வகுப்பை வைத்து என்ன செய்யலாம்? சிறியதாக இருப்பதையே பலமாக எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேரின் பேச்சை வார்த்தை வார்த்தையாகப் பார்க்க முடியும். நாற்பது பேரை அப்படிப் பார்க்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆசிரியர் கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளில் அளந்தார். பெரும்பாலும் ஒரு நொடியோ அதற்கும் குறைவோதான். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, தாமாகப் பேசுவது கூடியது. வாய்மொழிக்கான காணொளி உரையாடல் பயிற்சியில் தமிழ் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு மனத்தில் ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் கோக்க நேரம் வேண்டும். அந்த மூன்று நொடியில் தமிழ்ச் சொல் வருகிறதா, இல்லை ஆங்கிலச் சொல்லே வெளியே வருகிறதா? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு; 2010இல் அது இதைவிடக் கூடுதல். இந்தச் சூழலுக்கு நேராகப் பொருந்தும் கேள்வி இது. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் ஒரு நிறுத்தக் கடிகாரமும் போதும்.

எண் வேண்டும் என்பவர்கள் ஒற்றை ஆள் ஆய்வு வடிவமைப்பைப் பாருங்கள். மூன்று பிள்ளைகளுக்கு வெவ்வேறு வாரங்களில் பயிற்சியைத் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஐந்து அளவீடு எடுத்தால் நல்ல தரத்தில் நிற்கும். பயிற்சி தொடங்கிய வாரத்தில்தான் அந்தப் பிள்ளையின் கோடு ஏறுகிறது, மற்ற இருவரின் கோடு அசையவில்லை என்று காட்டிவிட்டால் அதுவே வலுவான வாதம். சிறப்புத் தேவைக் கல்வியில் இந்த வடிவமைப்பு வெகுகாலமாகப் புழங்குகிறது.

#7 ஈசூன்வாசி

தோபாயோ அக்கா சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. ஒன்று சேர்க்கிறேன். பேச்சை எழுத்தாக்குவதற்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தெளிவான பதிவாக இருந்தாலே ஒரு மணி நேரத்துக்கு 5, 6 மணி. எட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் பேசும் வகுப்புப் பதிவு, அதுவும் தமிழும் ஆங்கிலமும் கலந்தது என்றால் 10 மணி வரை போகும். பத்துப் பாடவேளை பதிவு செய்வேன் என்று முன்மொழிவில் எழுதும் முன் பெருக்கிப் பாருங்கள். நான்கு பாடவேளை பதிவு செய்து, அதிலும் தேர்ந்தெடுத்த பகுதிகளை மட்டும் நுணுக்கமாக எழுத்தாக்குவதாகக் காரணத்தோடு எழுதினால் எந்த மேற்பார்வையாளரும் ஏற்றுக்கொள்வார்.

#8 தோபாயோ_ஆசிரியை

எழுத்தாக்கத்தில் தமிழாசிரியர்கள் செய்யும் பெரிய தவறு, திருத்திவிடுவது. அது நம் கைப்பழக்கம். பிள்ளை சொன்னது இது:

“அவன் வந்து... (3 நொடி) ...என்னெ புஷ் பண்ணிட்டான்.”

எழுத்தாக்கும்போது கை தானாக “அவன் என்னைத் தள்ளிவிட்டான்” என்று எழுதும். ஆய்வு கேட்பது அத்தனையும் அங்கே அழிந்துபோனது. மூன்று நொடி தேடியும் “தள்ளு” வரவில்லை, ஆங்கில வினையோடு “பண்ணு” சேர்த்துப் பிள்ளை சமாளித்தது, இரண்டாம் வேற்றுமையைப் பேச்சு வடிவில் சரியாகவே போட்டது என்று மூன்று செய்தி அந்த வரியில் இருந்தன. “வந்து” என்பதையும் வெட்டாதீர்கள். பேச்சின் முறை தன்னிடமே இருக்கிறது என்று பிள்ளை பிடித்துவைத்துக்கொள்ளும் சொல் அது.

ஆய்வேடு ஆங்கிலத்தில் போவதால் ஒவ்வொரு மேற்கோளையும் மூன்று வரியாகக் கொடுங்கள். மேலே பிள்ளை சொன்னபடியே தமிழ், அதன்கீழ் சொல்லுக்குச் சொல், அதன்கீழ் ஓட்டமான ஆங்கிலம். ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்தால் மொழிக்கலப்பு கண்ணுக்கே படாது. இருபது மேற்கோளையாவது தமிழ் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து, அதை முறையியல் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

#9 கரும்பலகை

மிக்க நன்றி அக்கா. என் வகுப்புப் பிள்ளைகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா? நெறிமுறைக் குழு அதைத் தடுக்குமா?

#10 மேசைவிளக்கு

தடுக்காது, ஆனால் துருவிக் கேட்கும். மதிப்பெண் போடும் ஆசிரியரே ஒப்புதல் கேட்டால் பிள்ளையும் பெற்றோரும் மறுக்கத் தயங்குவார்கள் என்பதுதான் அவர்கள் கவலை, அது நியாயமானதும்கூட. விண்ணப்பத்தில் இதற்கு நேராகப் பதில் எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தை வேறோர் ஆசிரியர் கொடுத்து, அவரே திரும்ப வாங்கி, உறையில் ஒட்டி வைக்கட்டும். யார் சம்மதித்தார்கள், யார் இல்லை என்பது ஆண்டிறுதி மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை உங்களுக்குத் தெரியக்கூடாது. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பாடம்தான். சம்மதிக்காத பிள்ளையின் பேச்சு பதிவில் இருந்தாலும் எழுத்தாக்கத்தில் சேராது. விலகினால் எந்த விளைவும் இல்லை என்பதைப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் தனித்தாளில் கொடுங்கள். படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்யுங்கள். தமிழ் படிக்கும் பிள்ளையின் வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசலாம், பெற்றோருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராமல் இருக்கலாம்.

ஒலிப்பதிவைத் தானியங்கி எழுத்தாக்கச் செயலியில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நில்லுங்கள். பிள்ளைகளின் குரல் வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் அதைச் செய்தால் அது நெறிமுறை மீறல். திரட்டிய தரவையே பயன்படுத்த முடியாமல் போகலாம். கலப்புத் தமிழை அந்தச் செயலிகள் செந்தமிழாக மாற்றித் தருவதும் உண்டு, அது தோபாயோ அக்கா சொன்ன அதே சிக்கல்.

#11 புக்கிட்பாஞ்சாங்_தமிழ்

காலக்கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். தரவு திரட்ட நல்ல காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மே நடுவரை. ஜனவரியில் வகுப்பு இன்னும் நிலைபெறாது, மே கடைசியில் ஜூன் விடுமுறை தொடங்கும், ஆகஸ்டுக்குமேல் தேர்வுக் காலம். பிப்ரவரியில் தொடங்கவேண்டும் என்றால் முந்தின ஆண்டு ஆகஸ்டிலேயே கருவிகள் தயாராக இருக்கவேண்டும்: கேள்விப் பட்டியல், உற்றுநோக்கல் படிவம், ஒப்புதல் படிவம் எல்லாம். நெறிமுறைக் குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும் என்றே வைத்து இரண்டு சுற்றுக்கு நேரம் விடுங்கள். ஆய்வு நெறிமுறைக்கான இணையப் பயிற்சியை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மேசைவிளக்கு ஐயா, உங்கள் வழிக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பும் துறைப் பொறுப்பும் ஒன்றாகத் தலையில் இருப்பவர்கள், சின்னக் குழந்தை வீட்டில் இருப்பவர்கள் பாடவழியில் போவதே சரி. பின்னால் முனைவர் பட்டமோ இடிடியோ (கல்வியியல் முனைவர்) படிக்க எண்ணுபவர்கள் மட்டும் ஆய்வேட்டை விடவே கூடாது. அங்கே முதலில் கேட்பது, தனியாக ஓர் ஆய்வை முடித்த அனுபவம் உண்டா என்பதைத்தான்.

#12 மேசைவிளக்கு

ஒத்துக்கொள்கிறேன். முனைவர் பட்ட எண்ணம் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை பொருந்தாது.

#13 மாலைவகுப்பு

இடையில் ஒரு கேள்வி. எம்எட்டில் தமிழாசிரியர் எந்தச் சிறப்புப் பிரிவை எடுப்பது? இந்தியப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் எம்ஏ தமிழ் படிப்பது இதைவிட மேலா?

#14 நிழல்மரம்

இரண்டும் வேறு வேறு வேலைக்கு. இலக்கணம், சங்க இலக்கியம், மொழியியல் என்று பாட அறிவை ஆழப்படுத்த எம்ஏ தமிழ். கற்பித்தலையும் மதிப்பீட்டையும் ஆராய எம்எட். உயர்நிலையில் தமிழ் இலக்கியம் எடுப்பவருக்கு முதலாவது கைகொடுக்கும். தொலைநிலை என்றால் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பாடமும் நீங்கள் சேரும் ஆண்டுக்கு இந்திய யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிட்ட அனுமதிப் பட்டியலில் இருக்கவேண்டும். முந்தின ஆண்டுப் பட்டியலை நம்பாதீர்கள். பட்டியலின் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மனிதவளப் பிரிவு கேட்கும்போது உதவும்.

எம்எட்டில் பெரும்பாலானவர்களுக்குப் பாடத்திட்டமும் கற்பித்தலும் என்ற பிரிவு பொருந்தும், ஏனென்றால் ஒப்படைப்புகளை உங்கள் தமிழ் வகுப்பை வைத்தே எழுதலாம். டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) உள்ள பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எங்கே சிக்குகிறார்கள் என்று பார்க்க விரும்புபவர் சிறப்புத் தேவைக் கல்வியை எடுக்கட்டும். 247 எழுத்துள்ள மொழிக்கு அந்த ஆய்வுகள் வேண்டும், ஆள் குறைவு.

இளங்கலையை ஆங்கிலவழியில் படிக்காதவர்கள் ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பார்களா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் பிஏ தமிழ் படித்த பலர் கடைசி வாரத்தில்தான் இதைக் கவனிக்கிறார்கள், அப்போது தேர்வுத் தேதி கிடைக்காது.

#15 கரும்பலகை

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். மேற்கோள் பட்டியலில் தமிழ் நூல்களை எப்படிக் கொடுப்பது? மென்பொருள் பெயர்களைக் குழப்புகிறது.

#16 தோபாயோ_ஆசிரியை

ஏபிஏ மேற்கோள் நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பின்படி தமிழ் நூலின் தலைப்பை முதலில் ரோமன் எழுத்தில், அதை அடுத்துச் சதுர அடைப்புக்குள் ஆங்கிலத்தில் கொடுக்கவேண்டும். எழுத்துப்பெயர்ப்புக்கு மெட்ராஸ் லெக்சிகன் (சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி) முறையை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடியுங்கள். அதில் ழகரத்துக்குக் கீழ்க்கோடு போட்ட எல், ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி வைத்த எல். ஓரிடத்தில் “இசட் எச்”, இன்னோரிடத்தில் கீழ்க்கோடு என்று கலந்தால் ஒரே ஆசிரியர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார்.

பெயர்ச் சிக்கல் இரண்டு வகை. “மு.”, “சு.” போன்ற முன்னெழுத்துகளை மென்பொருள் ஒற்றை ரோமன் எழுத்தாக வெட்டிவிடும். மு., மா., மீ. மூன்றும் “எம்” ஆகி வெவ்வேறு ஆட்கள் ஒருவராகிவிடுவார்கள். சொட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் முன்னெழுத்தைக் கையால் முழு அசையாக எழுதி, பட்டியல் உருவானபின் ஒருமுறை கண்ணால் பாருங்கள். மற்றது நம் ஊர்ப் பெயர்கள். “எஸ்/ஓ”, “டி/ஓ” வரும் பெயரில் கடைசியில் நிற்பது அப்பாவின் பெயர். மென்பொருள் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்து, கட்டுரை எழுதிய பெண்ணை அவர் அப்பாவின் பெயரில் வரிசைப்படுத்திவிடும். பெயர்ப் புலத்தை ஒற்றைப் புலமாக மாற்றி, எழுதியவரின் சொந்தப் பெயரில் தொடங்கி நீங்களே அடித்துவிடுங்கள்.